தேக்குப் பலகைத் தரை: ஆணியா, பசையா, மிதக்க விடுவதா?

பலகையை வாங்கி வீட்டில் இறக்கிய பிறகுதான் பலரும் இந்தக் கேள்விக்கு வருகிறார்கள். ரீப்பர் (நீளமான மெல்லிய மரச்சட்டம்) அடித்து அதன்மேல் ஆணி போடலாமா? டைல்ஸ் மேலேயே பசை தடவி ஒட்டிவிடலாமா? இல்லை, எதிலும் பிடிக்காமல் மிதக்க விடலாமா? ஆசாரி ஒன்று சொல்வார், கடைக்காரர் வேறொன்று சொல்வார், போன வருடம் வீடு கட்டிய மைத்துனர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். மூவரும் சொல்வது அவரவர் பார்த்த வீட்டுக்குச் சரியாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டுக்கு எது சரி என்பதைப் பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பலகைக்கு அடியில் இருக்கும் தளத்தைப் பார்க்க வேண்டும்.

நான் மரவேலை எடுத்துச் செய்கிறவன். இங்கே பேசுவது முழு மரப் பலகையைப் பற்றி மட்டும்: 18 அல்லது 19 மில்லிமீட்டர் கனம், ஒரு பக்கம் நாக்கு (நீட்டிய விளிம்பு), மறுபக்கம் காடி (அந்த நாக்கு சொருகும் பள்ளம்). கடைகளில் ‘வுட்டன் ஃப்ளோரிங்’ என்று அதிகம் விற்பது 8 மில்லிமீட்டர் லேமினேட். மர நாரை அழுத்திச் செய்த அட்டையின் மேல் மரத்தின் படத்தை ஒட்டியிருப்பார்கள். அதைப் போடும் முறையை அப்படியே முழு மரத்துக்கும் கொண்டுவருவதால் கெட்ட தரைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

எங்கள் தாத்தா வீட்டில் மச்சு இருந்தது. உத்தரத்தின் மேல் பலகை, பலகையின் மேல் நெல் மூட்டை. பசை கிடையாது, பாலிஷ் கிடையாது, வெறும் ஆணிதான். நான் பார்த்த காலம் வரை ஒரு பலகைகூட வளையவில்லை. காரணம் எளிது: மேலேயும் காற்று, கீழேயும் காற்று. மரம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஊறியது, ஒரே மாதிரி காய்ந்தது. அடியில் கான்கிரீட் வந்ததும்தான் சிக்கல் ஆரம்பித்தது.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

மரம் எவ்வளவு நகரும். காற்றில் ஈரம் ஏறினால் மரம் அகலவாக்கில் விரியும், ஈரம் இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நின்றால் மரம் தன் உலர்ந்த எடையில் 15, 16 சதவீதம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 50 சதவீதக் காற்றில் அது 9 சதவீதத்துக்கு வந்துவிடும். சென்னையில் இரவெல்லாம் ஏசி ஓடும் படுக்கையறைக்கும், நவம்பர் மழையில் பூட்டிக் கிடக்கும் அதே அறைக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது.

இதைப் பலகையில் வைத்துப் பாருங்கள். மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறினால் 4 அங்குலத் தேக்குப் பலகை சுமார் முக்கால் மில்லிமீட்டர் விரியும். ஒரு பலகைக்கு இது ஒன்றுமில்லை. 10 அடி அகல அறையில் முப்பது பலகை இருக்கும். மொத்தக் கணக்கு 22 மில்லிமீட்டர். ஓக் மரம் ஏறத்தாழ இதைப்போல் இரண்டு மடங்கு நகரும். தேக்கு நம் ஊருக்கு ஒத்துவருவதற்கு இது ஒரு பெரிய காரணம். எந்த முறையில் போட்டாலும் சுவரோரம் நாலாபக்கமும் பலகைக் கனத்துக்கு, அதாவது முக்கால் அங்குலம், இடைவெளி விட வேண்டும். ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஓடும் பட்டை) அதை மறைத்துவிடும்.

ஓதம், அதாவது தளத்திலிருந்து ஏறும் ஈரம். 18 அங்குலச் சதுரத்தில் பாலிதீன் தாளை வெட்டி, வெறும் தளத்தின் மேல் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் அடைத்து ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தளம் கருத்திருந்தாலோ அங்கே பலகை போடக் கூடாது. டைல்ஸ் மேல் இந்தச் சோதனை சரியான பதில் தராது. மூலையில் ஒரு டைலைப் பெயர்த்துவிட்டுச் செய்யுங்கள். புதுக் கான்கிரீட் என்றால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று காயவிடுவது பழைய கணக்கு.

உயரம். பலகை போட்டதும் தரை எவ்வளவு ஏறும், கதவுகளை அறுக்க வேண்டுமா, பால்கனி வாசல் தரைக்குக் கீழே போய்விடுமா என்பது. இதைக் கடைசியில் யோசித்தவர்கள்தான் அதிகம் செலவழித்திருக்கிறார்கள்.

மட்டம். 10 அடி நீள அலுமினியச் சட்டத்தைத் தளத்தில் படுக்க வைத்தால் அடியில் 5 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக் கூடாது.

தளத்துக்குள் என்ன ஓடுகிறது. நம் ஊர் வீடுகளில் டைல்ஸுக்கு அடியில் மின்சாரப் பைப்பும் தண்ணீர்ப் பைப்பும் ஓடும். ஒவ்வோர் அடிக்கும் துளை போடும் முறைக்கு இது பெரிய ஆபத்து.

அப்புறம் கரையான், நடக்கும்போது எழும் சத்தம், பத்து வருடம் கழித்து ஒரு பலகையைக் கழற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது. இவற்றை அந்தந்த முறையோடு சேர்த்துச் சொல்கிறேன்.

| முறை | ஏறும் உயரம் | தளத்தில் துளை | ஒரு பலகையை மாற்றுவது | சத்தம் |
|---|---|---|---|---|
| ரீப்பர் + பிளைவுட் + ஆணி | 55–62 மி.மீ. | நிறைய | எளிது | அடியில் காலி என்பதால் அதிரும் |
| பிளைவுட் + ஆணி | 37–40 மி.மீ. | நிறைய | எளிது | நடுத்தரம் |
| முழுப் பசை | 21–23 மி.மீ. | இல்லை | கடினம் | குறைவு |
| மிதக்கும் தரை | 22–24 மி.மீ. | இல்லை | முறையைப் பொறுத்தது | லேசாக ஒலிக்கும் |

## ரீப்பர் அடித்து ஆணி

தளத்தில் ஓர் அடி இடைவெளியில் ரீப்பர் ஓடும். அதன்மேல் 12 அல்லது 18 மில்லிமீட்டர் பிளைவுட், அதற்கும் மேல் பலகை. ஆணி பலகையின் முகத்தில் தெரியாது; நாக்கின் மேல் சாய்வாக இறங்கும், அடுத்த பலகையின் காடி அதை மூடிவிடும். மச்சுத் தரைக்கு மிக நெருங்கிய முறை இதுதான். நடக்கும்போது காலுக்குக் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். வயதானவர்களுக்கு முட்டி வலி குறைவதாக என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

தளம் கோணலாக இருந்தால் ரீப்பருக்கு அடியில் ஆப்பு வைத்து ரசமட்டம் பார்த்துச் சரிசெய்யலாம். வேறெந்த முறையிலும் இந்த வசதி கிடையாது. பழுது வந்தாலும் பலகையை அறுத்து எடுத்துப் புதிதாகச் சொருகலாம்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். முதலாவது, ரீப்பர் மரம். மேலே விலை உயர்ந்த தேக்கை வாங்கிவிட்டு, “அடியில யாரு பாக்கப் போறாங்க” என்று காயாத நாட்டு மரத்தில் ரீப்பர் போடுகிறார்கள். அது காயும்போது முறுக்கிக்கொள்ளும், ஆணி தளரும், ஆறு மாதத்தில் தரை கிறீச்சிடும். அதில் வண்டு இருந்தால் மேல் பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ரீப்பரும் சீசன் செய்து (பதமாகக் காயவைத்து) மருந்து ஏற்றிய மரமாக இருக்க வேண்டும். இதற்கான தொகையை முதல் மதிப்பீட்டிலேயே கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, ஆணி. இங்கே பெரும்பாலான கார்பெண்டர்களிடம் இருப்பது பீடிங் அடிக்கும் மெல்லிய பின் ஆணித் துப்பாக்கி. அந்த ஆணி 19 மில்லிமீட்டர் பலகையைப் பிடித்து நிறுத்தாது. 2 அங்குல நீளத்தில், பற்கள் உள்ள தரை ஆணி வேண்டும். 8 முதல் 10 அங்குலத்துக்கு ஒன்று. அது கிடைக்கவில்லை என்றால் நாக்கில் முன்துளை போட்டு மெல்லிய ஸ்க்ரூவைச் சாய்வாக இறக்கலாம். வேலை இரட்டிப்பாகும், ஆனால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

மூன்றாவது, கரையான். அடியில் இருக்கும் வெற்றிடத்தில் மண் ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது. தரைத்தளத்தில் போடுவதாக இருந்தால் ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தரநிலை முறைப்படி கரையான் மருந்து அடிக்காமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். நான் எப்போதும் ஒரு மூலையில் ஒரே ஒரு பலகையை ஆணிக்குப் பதில் ஸ்க்ரூவில் பொருத்தி, அதன் அடியில் பிளைவுட்டிலும் உள்ளங்கை அளவுக்கு வெட்டிவிடச் சொல்வேன். வருடத்துக்கு ஒருமுறை திறந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

நான்காவது, துளை. சில வருடங்களுக்கு முன் ஒரு ஃபிளாட்டில் பாத்ரூம் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ரீப்பருக்குத் துளை போட்டோம். ட்ரில்லை வெளியே எடுத்ததும் தண்ணீர் கூடவே எழும்பி வந்தது. மெயின் வால்வை மூடுவதற்குள் அறை நனைந்தது, மறுநாள் கீழ்வீட்டு சீலிங்கில் வட்டமாகக் கறை விழுந்தது. அங்கே பைப் போகாது என்று வீட்டுக்காரர் சொன்னதை நம்பியது என் தவறு. அன்றிலிருந்து பைப் வரைபடம் இல்லாத வீட்டில் ஈர அறைச் சுவரை ஒட்டி நான்கடிக்குத் துளை போடுவதில்லை. அந்தப் பகுதியில் ரீப்பரைப் பசையில் நிறுத்துகிறேன்.

இந்த முறை யாருக்கு? புதிதாகக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு. தளம் போடும்போதே அந்த அறையை இரண்டரை அங்குலம் இறக்கி விடச் சொல்லிவிட்டால் உயரப் பிரச்சினையே கிடையாது, பக்கத்து அறை டைல்ஸோடு பலகை ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். முடிந்த வீட்டில் இதைச் செய்தால் அறை வாசலில் இரண்டு அங்குலப் படி வரும், இருட்டில் எல்லோரும் அதில் தடுக்குவார்கள்.

## பிளைவுட் மேல் ஆணி

ரீப்பர் இல்லாமல் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டைத் தளத்திலேயே ஸ்க்ரூ செய்து, அதன்மேல் பலகையை ஆணியடிப்பது. உயரம் மிச்சம், மற்றபடி முதல் முறையின் நல்லதில் பாதி இதில் கிடைக்கும். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். தளம் மட்டமாக இல்லாவிட்டால் பிளைவுட்டும் அப்படியே வளைந்து நிற்கும். அடியில் விரிக்கும் பாலிதீனை ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஓட்டை போடும். ஓதம் உள்ள தளத்தில் அத்தனை ஓட்டையும் ஈரம் ஏறும் வழி. தார் ஃபெல்ட் (தார் ஊறிய தடித்த தாள்) ஸ்க்ரூவைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் என்பதால் பாலிதீனைவிட நல்லது. பிளைவுட்டும் வாட்டர்ப்ரூஃப் ரகமாக இருக்கட்டும். தாள்களுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் சந்து விடட்டும்.

## முழுப் பசை

தளத்தின் மேல் பல்கரண்டியால் பசையைக் கோடு கோடாக இழுத்து, பலகையை நேராக அதில் படுக்க வைப்பது. ஃபிளாட்டில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து சேரும். உயரம் குறைவு, துளை இல்லை, அடியில் வெற்றிடம் இல்லாததால் நடந்தால் கல்தரைபோல் திண்ணென்று இருக்கும், அறைக்குள் அதிரும் சத்தமும் குறைவு.

பசை எது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். காய்ந்த பிறகும் ரப்பர்போல் இழுபடும் பாலியூரித்தேன் அல்லது பாலிமர் பசைதான் முழு மரத்துக்கு ஆகும். மரம் நகரும்போது கூடவே நகர்ந்து, விடாமல் பிடித்துக்கொள்ளும். மரச்சாமான் செய்யும் வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து தளத்தில் ஊற்றி ஒட்டிய தரைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீரைப் பலகையின் அடிப்பக்கம் குடிக்கும், அடி விரியும், ஓரம் இரண்டும் மேலே எழும்பி நடுவில் குழி விழும். காலை வெளிச்சம் ஜன்னல் வழியே சாய்வாக விழும்போது ஒவ்வொரு பலகையும் கவிழ்க்காத ஓடுபோல் தெரியும்.

நல்ல பசை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பிடிக்கும். 120 சதுர அடி அறைக்கு 11, 12 கிலோ. பலகைக்கு அடுத்த பெரிய செலவு இதுதான், பலர் மதிப்பீட்டில் இதைப் பார்த்து மலைத்துப்போய் அங்கங்கே பொட்டு வைத்து ஒட்டச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் பொட்டு இல்லாத இடம் ஒலிக்கும், ஓரிரு மழைக்காலத்தில் பலகை விட்டு எழும்பும். பசைக்குப் பணம் இல்லை என்றால் இந்த முறையைத் தொட வேண்டாம்.

பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டலாமா? போன மாதம் ஒரு வீட்டில் அம்மா ஒருவர், “டைல்ஸை உடைக்காம முடியுமா தம்பி?” என்று கேட்டார். “தட்டிப் பாத்துட்டுச் சொல்றேம்மா” என்று சட்டைப்பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தேன். ஒவ்வொரு டைலையும் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்ட வேண்டும். தளத்தைப் பிடித்திருக்கும் டைல் ‘டிக்’ என்று சுருக்கமாக ஒலிக்கும். பிடிப்பு விட்டது ‘டொப்’ என்று வெறும் பானைபோல் ஒலிக்கும். அந்த அறையில் மொத்தம் 38 டைலில் ஒன்பது வெறும் பானை. அந்த ஒன்பதை மட்டும் பெயர்த்து, கலவை போட்டு மட்டம் செய்து, மற்றவற்றின் மேல் பளபளப்பை கிரைண்டரால் உரசி எடுத்தோம். பளபளப்பு இருந்தால் பசை பிடிக்காது. உரசும் வேலைக்கு ஒரு நாள் ஆகும், தூசி வீடு முழுக்கப் பறக்கும். பக்கத்து அறைக் கதவுகளைப் பாலிதீனால் மூடிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டைல்ஸ் விட்டிருந்தால் எல்லாவற்றையும் பெயர்ப்பதே நல்லது.

பலகையின் அகலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 5, 6 அங்குலப் பலகை பார்க்க அழகுதான். ஆனால் விரியும்போது பசையின் மேல் அது கொடுக்கும் இழுப்பு அதிகம். பசைத் தரைக்கு 3 அங்குலம், மிஞ்சினால் 4 என்று நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

குறை என்று பார்த்தால், போட்டது போட்டதுதான். ஒரு பலகை கெட்டால் உளியால் துண்டு துண்டாகச் செதுக்கித்தான் எடுக்க வேண்டும், பழைய பசையைச் சுரண்டுவது அதைவிட வேலை. ஓதம் ஏறும் தரைத்தளத்தில் எபாக்ஸி தடுப்புப் பூச்சு அடிக்காமல் பசை வைக்கக் கூடாது. அதற்கும் ஒரு செலவு இருக்கிறது.

## மிதக்கும் தரை

மெல்லிய ஃபோம் விரித்து, பலகையைத் தளத்தில் எதிலும் பிடிக்காமல் ஒன்றோடொன்று மட்டும் கோத்து விடுவது. லேமினேட்டுக்கும், அடுக்கு மரப் பலகைக்கும் (பிளைவுட் போன்ற அடுக்குகளின் மேல் மெல்லிய மரம் ஒட்டியது) ஏற்ற முறை. சாதாரண நாக்கு-காடி உள்ள முழு மரத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. முழு அறையும் ஒரே தகடாக விரிந்து சுருங்க வேண்டும். நம் படுக்கையறையில் ஒரு சுவரோரம் இரும்பு பீரோ, எதிர்ச்சுவரில் கட்டிலும் மெத்தையும். இரண்டு பக்கமும் எடை அழுத்திப் பிடித்துக்கொண்டால் சுருங்கும் காலத்தில் நடுவில் எங்கோ ஓர் இணைப்பு வாய் பிளக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. டென்மார்க்கின் ஜங்கர்ஸ் நிறுவனம் முழு மரப் பலகைகளை அடிப்பக்கத்தில் எஃகு கிளிப்புகளால் இணைத்து மிதக்க விடும் முறையைப் பல காலமாகச் செய்துவருகிறது. அதற்கென்றே அடியில் காடி வெட்டிய பலகை வேண்டும். நம் ஆசாரி இழைத்த தேக்கில் அந்தக் கிளிப்பை மாட்ட முடியாது. வாடகை வீட்டில், காலி செய்யும்போது தரையைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும் என்பவர்களுக்கு அது பொருந்தும்.

## என்னிடம் வந்த வீடுகள்

தாம்பரத்தில் இரண்டாம் மாடி ஃபிளாட், நல்ல டைல்ஸ், ஒரு படுக்கையறை மட்டும்: முழுப் பசை, 3 அங்குலத் தேக்கு. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே வரவில்லை.

கோயம்புத்தூர் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் தனி வீடு, மாடியில் படிப்பறை: தளத்தை இறக்கிவிட்டு ரீப்பர். பணமும் நேரமும் இருப்பதால் இதுதான் நீண்ட நாள் நிற்கும்.

வேளச்சேரியில் தரைத்தள வீடு. 2015 டிசம்பரில் அந்த வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கிறது. முழு மரமே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ரீப்பர் போட்டால் வெள்ளச் சேறு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், மொத்தத் தரையையும் பிரித்தால்தான் வெளியே வரும். பசை போட்டால் பலகை ஊறி வளையும். ஆசைக்கு மாடி அறை ஒன்றில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். வேலை கைவிட்டுப் போனாலும் அதுதான் சரியான பதில்.

குன்னூரில் பழைய பங்களா, ஏற்கெனவே உத்தரத்தின் மேல் பலகைத் தரை. அங்கே பசை பற்றிப் பேச்சே இல்லை, ஆணிதான். ஆனால் வெளிச்சுவரின் அடியில் இருந்த காற்றுத் துளைகளைக் குளிருக்காக யாரோ சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். உத்தரத்தின் நுனி விரலால் கிள்ளினால் பிய்ந்து வந்தது. முதலில் துளைகளைத் திறந்தோம், எலி வராமல் கம்பி வலை வைத்தோம், இற்றுப்போன நுனிகளை மாற்றினோம். பலகை வேலை அதற்கப்புறம்தான்.

## எப்போது போடுவது

சென்னையிலும் கடலோர ஊர்களிலும் பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். மே மாதக் காய்ச்சலில் இறுக்கிப் போட்டால் நவம்பரில் விரிய இடம் இருக்காது. நவம்பரில் போட்டால் மே மாதம் சந்து தெரியும்.

பலகை வந்ததும் கட்டைப் பிரித்து, அதே அறையில் குறுக்குச் சட்டம் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். ஏசி போடும் அறை என்றால் வழக்கமாக ஓடுவதுபோல் ஏசியும் ஓடட்டும். பிறகு ஈரமானி வைத்துப் பலகையையும் பிளைவுட்டையும் அளந்து பாருங்கள். 3 அங்குலத்துக்குக் குறைந்த பலகை என்றால் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 4 சதவீதத்துக்குள், 3 அங்குலமோ அதற்கு மேலோ என்றால் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் கார்பெண்டரிடம் ஈரமானி இல்லை என்றால் நீங்களே ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டின் மேல் பலகையை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள், நடுவிலிருந்து நான்கைந்தை உருவி எடுத்து அளக்கச் சொல்லுங்கள்.